டோரின் அக்காவும் பதினொரு சாம்பல் கட்டங்களும்

வெள்ளவத்தையில் கலியாணம் கட்டிய ஆயிரத்துக்கு மேற்பட்ட சோடிகளை டோரின் அக்காவுக்குத் தெரியும். அவர்களுக்கு அவரைத் தெரியாது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த நவரத்தினம் அண்ணையின் வீடியோ ஸ்ரூடியோவில், பின்னறையில் இரண்டு வீடியோ டெக்குகளுக்கு நடுவே இருந்து, ஐந்து மணித்தியாலக் கலியாணத்தை மூன்று மணித்தியாலமாக வெட்டுவதுதான் அவருடைய வேலை. 1988இல், பத்தொன்பது வயதில் அங்கே சேர்ந்தார்.

நவரத்தினம் அண்ணைக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்தக் கசெற்றும் சாமி படம் இல்லாமல் தொடங்கக் கூடாது. சைவக் கலியாணம் என்றால் முதல் ஏழு செக்கனுக்குப் பிள்ளையார். வேதக்காரர் என்றால் ஏழு செக்கனுக்கு மாதா. தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, படம் வேண்டாம் என்று ஒரு மாப்பிள்ளை வந்து நின்றபோது, "நீங்கள் நம்ப வேண்டாம் தம்பி, கசெற் நம்பட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். டோரின் அக்கா கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். ஆனாலும் மாதாவை விட அதிகமாகப் பிள்ளையாரைத்தான் தன் கையால் ஒட்டியிருக்கிறார்.

2006இல் நவரத்தினம் அண்ணை குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். கொம்பியூட்டரையும் வாடகை அறையையும் டோரின் அக்காவிடம் விட்டுப்போனார். சட்டத்தையும் விட்டுப்போனார்.

கொட்டாஞ்சேனையில் டோரின் அக்கா இருக்கும் வீட்டுக்கு மேல்மாடிதான் எங்களுடையது. அதனால் இந்தக் கதை நடந்த நாட்களில் பாதியை நேரில் பார்த்தேன். மீதியை அவர் சொல்லக் கேட்டேன்.

நவரத்தினம் அண்ணை போன அடுத்த வருடம் மழைக்காலத்தில் ஒருநாள், எங்கள் தெருமுனையில் இருக்கும் மாக்ரெட் அன்ரி ஒரு சின்னக் கருவியைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் கேம் விளையாடுகிற கையடக்கக் கருவி அது, வீடியோவும் ஓடும். மெல்பேர்ணில் இருக்கும் மூத்த மகள் தகப்பனுக்காக அனுப்பியது. அந்தத் தகப்பன், துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டிய சவுந்தரநாயகம், அதற்கு முந்திய வருடம் பாரிசவாதம் வந்து பேச்சை இழந்திருந்தார். வாசிப்பும் எழுத்தும் போய்விட்டன. பத்திரிகையைக் கொடுத்தால் எரிச்சலோடு தள்ளிவிடுவார். கண் மட்டும் பழைய கிரேன்காரரின் கண்.

வீட்டில் இருந்த பழைய கசெற்றுகளை டோரின் அக்காதான் பதினொரு துண்டுகளாக மாற்றி, அந்தக் கருவியின் மெமரி கார்ட்டில் ஏற்றிக் கொடுத்திருந்தார். கொம்பியூட்டரில் பார்த்தபோது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அழகான சின்னப் படம் தெரிந்தது. கருவியில் அவற்றில் ஒன்றுக்கும் படம் இல்லை. பதினொரு சாம்பல் நிறக் கட்டங்கள்தான் தெரிந்தன. தமிழில் வைத்த பெயர்களும் அந்தக் கருவிக்கு விளங்காமல் வெறும் பெட்டிகளாகத் தெரிந்தன.

"எது எதெண்டு எனக்கே தெரியேல்லை பிள்ளை. நான் ஒண்டை அமத்த, அவர் இதில்லையெண்டு தலையாட்டுறார். நேற்று கரண்டியைத் தூக்கி எறிஞ்சிட்டார்" என்றார் மாக்ரெட் அன்ரி.

"அங்கிள் தானே அமத்தலாமே?"

"எல்லாம் ஒரே மாதிரிச் சாம்பல். அவர் எதைப் பாத்து அமத்துறது?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஹியூபேட் ஞாயிற்றுக்கிழமை வாறான். வத்தளையில சிஸ்டர்மார் நடத்துற வயசுபோன ஆக்களின்ர இல்லம் ஒண்டில இடம் கேட்டு வச்சிருக்கிறான். டடிக்கு ஒண்டும் விளங்குதில்லை, மம்மியால தனியப் பாக்கேலாது எண்டு சொல்லுறான். நான் சொன்னா நம்புறானில்லை. அந்த மனுசனுக்கு எல்லாம் விளங்குது, பிள்ளை. தான் நினைக்கிறதைச் சொல்ல ஒரு வழிதான் இல்லை."

ஹியூபேட் அவர்களுடைய கடைக்குட்டி. கலியாணம் கட்டி வத்தளையில் இருக்கிறான். கெட்ட பிள்ளை இல்லை. தாயின் முதுகுவலியைப் பார்த்துப் பயந்துபோன பிள்ளை.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. டோரின் அக்கா கருவியை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோனார்.

முதலில் தான் ஏற்றிய பதினொன்றையும் அழித்துத் திரும்ப ஏற்றினார். சாம்பல். பெயர்களை ஆங்கிலத்தில் மாற்றினார். பெயர் தெரிந்தது, படம் சாம்பல். புதன்கிழமை மத்தியானம்தான் ஒரு விசயம் கண்ணில் பட்டது. மகள் மெல்பேர்ணிலிருந்து ஏற்றி அனுப்பிய பன்னிரண்டாவது துண்டு ஒன்று, பேரப்பிள்ளை பாடுவது, அந்தக் கார்ட்டில் இருந்தது. அதற்கு மட்டும் படம் தெரிந்தது. கார்ட்டைக் கொம்பியூட்டரில் திறந்து பார்த்தார். அந்த வீடியோவுக்குப் பக்கத்தில், அதே பெயரில், மிகச் சின்னதாக இன்னொரு கோப்பு இருந்தது. பெயரின் கடைசியில் டி.எச்.எம். என்று மூன்று எழுத்து.

அதைப் பார்த்ததும் டோரின் அக்கா தலையில் கைவைத்தார்.

அந்த நாட்களில் எந்தக் கொமியூனிகேஷன் கடைக் கொம்பியூட்டரில் பென் டிரைவைச் செருகினாலும் வைரஸ் வரும். ஒருமுறை ஒரு முழுக் கலியாணமே அழிந்துபோனதிலிருந்து, தான் செய்யாத எந்தக் கோப்பைக் கண்டாலும் அழித்துவிடுவது டோரின் அக்காவின் பழக்கம். வீடியோவை மாற்றும்போது கொம்பியூட்டரே ஒவ்வொன்றுக்கும் அந்தச் சின்னக் கோப்பை உண்டாக்கியிருக்கிறது. கருவி படத்துக்காகத் தேடுவது அதைத்தான். கொம்பியூட்டருக்கு அது தேவையில்லை, அது வீடியோவையே திறந்து பார்த்துப் படம் காட்டிவிடும். பதினொன்றையும் வைரஸ் என்று அழித்தது அவரேதான்.

பதினொன்றையும் மறுபடி மாற்றினார். இரண்டு நாள் எடுத்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கருவியைத் திறந்தார். முதல் கட்டத்தில் மாதா தெரிந்தார். பத்தொன்பது வருடமாக அந்த மாதா வந்தால் கசெற் சரி என்று அர்த்தம். டோரின் அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, கருவியை அணைத்து, பஸ்ஸுக்கு ஓடினார்.

கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை, பை. கருவியைக் கையில் எடுத்த இளம் ஆமிக்காரர் ஒருவர் அது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"வெடிங் வீடியோ, மாத்தயா" என்றார் டோரின் அக்கா.

அவர் திறந்தார். கீழே தள்ளினார், இன்னும் தள்ளினார். பிறகு டோரின் அக்காவைப் பார்த்து, "ஒக்கோம எக்கய் நே!" என்றார். எல்லாம் ஒன்றுதானே என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? டோரின் அக்கா எட்டிப் பார்த்தார். பேரப்பிள்ளையைத் தவிர, பதினொரு கட்டத்திலும் பதினொரு மாதா. கொம்பியூட்டர் ஒவ்வொரு வீடியோவின் முதல் காட்சியிலிருந்தும் படத்தை எடுத்திருந்தது. துண்டு துண்டாக வெட்டியபோதும் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் டோரின் அக்கா மாதாவை ஒட்டியிருந்தார், நவரத்தினம் அண்ணையின் சட்டமாயிற்றே.

மூன்று வீடியோவை ஓடவிட்டுப் பார்த்த பிறகு ஆமிக்காரர் சிரித்துக்கொண்டே கருவியைத் திருப்பிக் கொடுத்தார். டோரின் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

ஆனால் பஸ் புறக்கோட்டையைத் தாண்டும்போது அவருக்கு ஒன்று பிடிபட்டது. அந்தச் சின்னக் கோப்பு வெறும் படம்தானே? கொம்பியூட்டர் எடுத்த படத்தைத்தான் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? தனக்குப் பிடித்த காட்சியை வெட்டி, சின்னதாக்கி, அதே பெயர் வைத்தால் கருவிக்குத் தெரியவா போகிறது? வெட்டுவது அவருடைய தொழில்.

வீட்டுக்குப் போகாமல் நேரே சவுந்தரநாயகத்தார் வீட்டுக்குப் போனார். கட்டங்களில் வைக்கக் காட்சி தேடுவதற்காக என்னையும் கூப்பிட்டு, டெக்கில் கசெற்றுகளை ஓடவிட்டு நேரம் குறித்துத் தரச் சொன்னார்.

"கேக் வெட்டுறதை வை பிள்ளை, வடிவா இருக்கும்" என்றார் மாக்ரெட் அன்ரி.

"உங்கட வீட்டில நாலு கலியாணம் அன்ரி. நாலிலயும் கேக். எல்லாப் பொம்பிளையும் வெள்ளைச் சாறி. முத்திரை அளவு படத்தில எதை எதெண்டு அங்கிள் கண்டுபிடிக்கிறது?"

அப்போது சாய்மனைக் கதிரையில் இருந்த சவுந்தரநாயகத்தார் கதிரைக் கையில் ஓங்கி அடித்தார். எல்லோரும் திரும்பினோம். திரையில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், கோயில் வாங்கில் வாயைத் திறந்தபடி நித்திரை.

"இதா அங்கிள்? இதையா வைக்கிறது?"

அவர் தலையை ஆட்டினார்.

"ஐயோ, இஞ்சாருங்கோ! அந்தப் பெரிய மனுசன் செத்தும் போச்சு. தாலி கட்டுறதை வையுங்கோவன்."

அவர் மறுபடி அடித்தார். பெரியப்பா வைக்கப்பட்டார். இரண்டாவது கலியாணத்துக்கு, மழையில் உள்பக்கம் வெளியே வந்த குடை. மூன்றாவதுக்கு, பாண்ட்காரர் ஒருவரின் கழன்ற மீசை. ஒவ்வொன்றுக்கும் மாக்ரெட் அன்ரி ஒரு நல்ல காட்சி சொன்னார், ஒவ்வொன்றையும் அவர் மறுத்தார். முக்கியமான காட்சி எல்லாக் கலியாணத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஞாபகத்தில் நிற்பது வேறு. பத்தொன்பது வருடம் வெட்டியும் எனக்கு இது தோன்றவில்லையே என்று டோரின் அக்கா பிறகு என்னிடம் சொன்னார்.

சனிக்கிழமை முழுவதும் அவர் பதினொரு படங்களையும் வெட்டினார். மாதாவை அகற்றவில்லை. வீடியோவின் தொடக்கத்தில் அவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஹியூபேட் வந்தான். டோரின் அக்கா கருவியைச் சவுந்தரநாயகத்தாரின் இடது கையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அந்தக் கைதான் வேலை செய்யும்.

ஹியூபேட் தகப்பனுக்கு முன்னால் குந்தி இருந்தான். "டடி, வத்தளையில நல்ல இடம். காத்தோட்டம். எங்கட வீட்டில இருந்து அஞ்சு நிமிசம். வாற புதன்கிழமை நான் வான் கொண்டு வாறன், என்ன? போவம்."

சவுந்தரநாயகத்தார் மகனைப் பார்த்தார். பிறகு கருவியைப் பார்த்தார். பெருவிரல் அசைந்தது. நித்திரைப் பெரியப்பாவைத் தாண்டியது, குடையைத் தாண்டியது, கொஞ்சம் திரும்பி வந்தது. கோட் போட்ட சின்னப் பெடியன் ஒருவன் முகம் கோணி அழும் கட்டத்தில் நின்றது. அமத்தினார்.

மூத்த மகளின் கலியாணத்தில் ஒரு துண்டு அது. ஏழு செக்கன் மாதா, பிறகு கோயில் வாசல். மோதிரத் தட்டோடு முன்னால் நடக்க வேண்டிய எட்டு வயது ஹியூபேட், தரையில் இருந்து, தகப்பனின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான்:

"போகமாட்டன்! நான் போகமாட்டன்!"

சவுந்தரநாயகத்தார் கருவியைத் திருப்பி மகனின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

முதலில் சிரித்தது மாக்ரெட் அன்ரிதான், கண்ணீர் வரச் சிரித்தார்.

"தற்செயலா அமத்தினவரோ?" என்று ஹியூபேட் மெதுவாக டோரின் அக்காவைக் கேட்டான்.

"நீர் திருப்பிக் கேட்டுப் பாருமன்."

"டடி, அங்க சிஸ்டர்மார் நல்லாப் பாப்பினம்..."

பெருவிரல் அசைந்தது. "போகமாட்டன்! நான் போகமாட்டன்!"

ஹியூபேட் எழும்பினான். முகம் சிவந்திருந்தது, உதடு சிரிக்கப் பார்த்தது. "சரி டடி. போகவேண்டாம். மம்மிக்கு உதவிக்கு ஒரு ஆளைப் பிடிப்பம். நான் பின்னேரங்களில வாறன்." வத்தளைக்குத் தொலைபேசி எடுத்து அந்த இடம் வேண்டாம் என்று சொல்ல விறாந்தைக்குப் போனான்.

உள்ளே மூன்றாவது தடவையும் எட்டு வயது ஹியூபேட்டின் குரல் கத்தியது.

"விளங்கிச்சு டடி!" என்று வெளியிலிருந்து இருபத்தாறு வயது ஹியூபேட் கத்தினான்.

சவுந்தரநாயகத்தார் அதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.