கயிறு கட்டிய கட்டங்கள்

சத்தியமங்கலம் ரோட்டோரம் சுண்ணாம்புக்கல் தோண்டித் தீர்த்த குழியை மண் கொட்டி மூடி, மேலே வேம்பும் புங்கனும் நட்டிருந்தது கம்பெனி. தண்ணீர் ஊற்றுவது மாசாணியம்மாள். அந்தக் குழியில் கல் சுமந்தவள் அவள். வெடி வைத்தபோது பாறை சரிந்து அவள் புருஷன் ராசப்பன் செத்ததும் அங்கேதான். அதற்கு ஈடாகக் கொடுத்த வேலை இது.

தொண்ணூற்றாறில் மழை பொய்த்தது. டேங்கர் தண்ணீர் பாதிச் செடிக்குக்கூடப் பற்றவில்லை. முளையடித்துக் கயிறு கட்டிய கட்டங்கள் அங்கங்கே இருந்தன. நிலம் பச்சை பிடித்துவிட்டதா என்று பார்க்க வரும் சர்க்கார் அதிகாரி அவற்றுக்குள் மட்டும்தான் அளப்பார். செடி கருகினால் வேலை போய்விடும் என்று பயந்து, இருந்த தண்ணீரையெல்லாம் மாசாணியம்மாள் கட்டங்களுக்கே சுமந்தாள்.

அதிகாரி வந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் குனிந்து குனிந்து அளந்தார். வெளியே காய்ந்து நின்றதெல்லாம் அளவில் சேராதாம்.

"செடி நல்லா வேர் புடிச்சிருச்சுங்க அம்மணி. இனித் தண்ணி வேண்டாமுன்னு எழுதிப்போட்டேன்."

"அப்ப டேங்கருங்க?"

"வராதுங்க."

"எனக்கு வேலைங்க?"

"தண்ணியே வேண்டாங்கறப்ப ஊத்தறதுக்கு ஆளு எதுக்குங்க?"

அந்தக் கோடையில் கட்டங்களும் கருகின. ராசப்பன் விழுந்த இடத்தில் அவள் தன் கையால் நட்ட வேம்பு அதற்கு முன்பே பட்டுப்போயிருந்தது. அது எந்தக் கட்டத்துக்குள்ளும் வரவில்லை என்று, முதலில் அதற்குத்தான் அவள் தண்ணீரை நிறுத்தியிருந்தாள்.