ஈரத்தோடு சுருக்கிய கூரை

துணிக்கூரை செய்யும் எங்கள் பட்டறையில் அக்காவுக்கு 'ஈரம் பாத்தியா' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே சொல்ல எவருக்கும் தைரியம் கிடையாது. கூரைத்துணியை யார் மடிக்கப் போனாலும் பின்னாலிருந்து அந்தக் கேள்வி வந்துவிடும். துளி ஈரத்தோடு மடித்தாலும் மடிப்புக்குள் கறுப்பு பூத்துவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது. இதைக் கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துப்போனது.

கூரைகளை வரைந்து துணியை வெட்டிக் கொடுப்பது அக்கா. சூடு வைத்து ஒட்டுவது நான். அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். சரக்குக் கப்பலில், அடியில் இருக்கும் இயந்திர அறையில் அவருக்கு வேலை. வருஷத்தில் பெரும்பாதி கடலிலேயே போய்விடும்.

ஒருநாள் போனில் மாமா சொன்னாராம்: "கடல்ல இருக்கேன்னுதான் பேரு. வானத்தைப் பாத்தே வாரக்கணக்காச்சு. வேலை முடிஞ்சா மேல ஏறக்கூடத் தெம்பு இல்ல."

அக்கா சிரித்துக்கொண்டேதான் இதை எங்களிடம் சொன்னார். ஆனால் அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பூங்காவில் நிகழ்ச்சி மண்டபத்துக்குக் கூரை கேட்டு வந்தார்கள். அவர்கள் கேட்டது சாதாரணக் கூரை. அக்கா வரைந்ததோ, பொத்தானை அமுக்கினால் கம்பிவடத்தில் ஓடி ஓரமாய்ச் சுருங்கும் கூரை.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "கூரை கேட்டா வானத்தைக் காட்டுறியேம்மா! மழை வந்தா என்ன பண்ண?"

"மூடிக்கலாம். அதுக்குத்தானே கூரை?"

அக்கா ஒற்றைக்காலில் நின்று சம்மதம் வாங்கிவிட்டார். மாதிரியைச் செய்ததும் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். பின்னல் ஊசிகள்தான் கம்பிவடம், மாமாவின் பழைய சட்டைதான் துணி. சட்டை பலியானது மாமாவுக்கு இன்னும் தெரியாது. பாதி திறந்த நிலையில் துணி தொப்பை போட்டது, ஊற்றிய தண்ணீர் அதிலேயே தேங்கியது. அக்கா சலிக்காமல், துணியைத் தாங்கி ஓடும் உருளைகளை நெருக்கி வைத்துப் பார்த்தார், சரிவைக் கூட்டினார், வெட்டினதையே மறுபடி வெட்டினார். யாருக்காக இந்தப் பாடு என்று பட்டறைக்கே தெரியும். நிறுவனத்துக்காக என்று நம்பியவர் முதலாளி ஒருவர்தான்.

திறப்பு விழாவுக்கு மாமாவால் வர முடியவில்லை. பிறகு வந்தார், அதுவும் ஒரே ஒரு சாயங்காலம். மறுநாளே வேறொரு கப்பலில் ஏறச் சொல்லிவிட்டார்கள். பாழாய்ப்போன மழை அன்றைக்கென்று பார்த்து மதியம் முழுக்கக் கொட்டித் தீர்த்தது.

மழை விட்டதும் இருவரும் மண்டபத்துக்கு வந்தார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவில் மாமா உட்கார்ந்தார். நான் பொத்தான் பெட்டியருகே நின்றேன். அக்கா துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். கையெல்லாம் தண்ணீர்.

"அக்கா, ஈரம்," என்றேன் மெதுவாக.

"தெரியும். அமுக்கு."

அமுக்கினேன். கூரை சொட்டச் சொட்டச் சுருங்கி ஓரத்தில் ஒதுங்கியது. கழுவி விட்ட வானம். மாமா கழுத்தைப் பின்னால் சாய்த்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெல்லப் பார்த்தார்.

"இவ்ளோ பெருசா இது!" என்றார் கடைசியில்.

அக்கா வானத்தைப் பார்க்கவில்லை. மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவே மாமாவை வழியனுப்ப அக்காவும் துறைமுகத்துக்குப் போனார். போகிற அவசரத்தில் பொத்தான் பெட்டியைப் பூட்டி, சாவியையும் கைப்பையில் போட்டுக்கொண்டார். கப்பல் கிளம்ப நாலு நாள் தாமதமானது, அது கண்ணை விட்டு மறையும்வரை அவர் அங்கேயே தங்கிவிட்டார். நான் போன் போட்டுப் போட்டு ஓய்ந்தேன். அவர் திரும்பி வந்து கூரையை விரித்தபோது, மடிப்புக்கு மடிப்பு கறுப்பு வரி வரியாய்ப் பூத்திருந்தது.

முதலாளி குதித்தார். "எவன் மடிச்சான் இதை?"

"நான்தான்," என்றார் அக்கா.

முதலாளி கறுப்பு வரியை விரலால் தேய்த்துப் பார்த்தார். "சரி விடும்மா, துணிய மாத்திடலாம்," என்றார்.

"மாத்துங்க. ஆனா அவர் அடுத்த தடவ வந்து போனப்புறம்."

"அவர் வந்து இதுல என்ன பாக்கப் போறாரு?"

"அவருக்காக நான் என்ன பண்ணியிருக்கேன்னு பாக்கட்டும்."

முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். துணியை இன்னும் மாற்றவில்லை. மாமா இன்னும் வரவில்லை.