ஆரஞ்சுச் சட்டை

விக்கிரவாண்டிக்கு வடக்கே நாற்கர ரோடு வந்தபோது அமல்ராணியின் ஊர் இரண்டாகப் பிரிந்தது. வீடுகள் ஒரு பக்கம், மாதா கோயிலும் கடைகளும் மறுபக்கம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த அவள் புருஷன் டோமினிக்கை ஒரு லாரி தட்டிவிட்டது.

"ஆள் இருக்கறதே தெரிலம்மா" என்றான் டிரைவர். பட்டப்பகல். டோமினிக் ஆறடி உயரம். அதன் பிறகு அவனுக்கு இடது கால் மடங்கவில்லை.

ரோட்டின் நடுவிலிருந்த அரளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு அமல்ராணி போனாள். காண்டிராக்டர் ஓர் ஆரஞ்சுச் சட்டை கொடுத்தார். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை வைத்தது. ஒருநாள் வேலை முடிந்து அதைக் கழற்றாமலே, திண்டிவனத்தில் டோமினிக்குக்கு மாத்திரை வாங்க வேண்டுமென்று ரோட்டோரம் நின்றாள். அந்த ஊரில் எந்த பஸ்ஸும் நிற்காது. சும்மா கையைக் காட்டினாள். விழுப்புரத்திலிருந்து வந்த பஸ் நின்றது.

"இன்னாம்மா, ரோட்டுல வேலை நடக்குதா?" என்றார் டிரைவர்.

"இல்லிங்க. திண்டிவனம் போவணும்."

நிறுத்தியது நிறுத்தியாகிவிட்டது. ஏற்றிக்கொண்டார்.

சேதி பரவியது. அவசரமாகப் போகிறவர்கள் அவளைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். ரோட்டோரம் நிலம் வைத்திருந்த வீரம்மாள் அவளை எப்போதும் "தே, தண்ணி ஊத்தறவளே" என்றுதான் கூப்பிடுவாள். ஒரு காலையில் அவளே வாசலில் வந்து நின்றாள். மகள் கலைப்பிரியாவுக்கு வலி எடுத்திருந்தது. சொல்லியிருந்த கார் வரவில்லை.

"அமல்ராணி, கொஞ்சம் ஜல்தியா வாம்மா."

தன் பெயர் வீரம்மாளுக்குத் தெரியும் என்பது அமல்ராணிக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருஷமும் தெரிந்தே கூப்பிடாமல் இருந்திருக்கிறாள். கோபப்பட நேரமில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினாள். குழந்தை திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பிறந்தது, பஸ்ஸில் அல்ல.

2012இல் காண்டிராக்டர் மாறினார். பழைய ஆட்களை நிறுத்தி, சட்டைகளையும் வாங்கிக்கொண்டார்கள்.

"இனிமே கைய காட்டாத. அசிங்கமாப் பூடும்" என்றான் டோமினிக்.

மாத்திரை தீர்ந்துவிட்டதால் அவள் வெறும் புடவையோடு போய் நின்றாள். முதல் பஸ் நிற்காமல் போனது. அடுத்தது தாண்டிப்போய், சற்றுத் தள்ளி நின்று ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறினாள்.

"சட்டை எங்கம்மா?" என்றார் டிரைவர்.

"புடுங்கிக்கினாங்க."

"அதான். யாரோன்னு நெனச்சிக்கினு போயிட்டேன். அப்புறந்தான் மூஞ்சி தெரிஞ்சது."

அமல்ராணி முந்தானையால் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, டிக்கெட் கேட்டாள்.