மகளின் கடையில் அப்பா

போன வெள்ளிக்கிழமை களுவாஞ்சிக்குடியில் ஒரு சந்தைக்குப் போனேன். வியாபாரிகள் எல்லோருக்கும் நாலு வயது.

முன்பள்ளிகளில் நடக்கிற சிறுவர் சந்தை உங்களுக்குத் தெரியும்தானே? பிள்ளைகள் வீட்டிலிருந்து காய்கறி கொண்டுவந்து விற்பார்கள். பெரியவர்கள் போய் வாங்க வேண்டும். என் தங்கை மகள் அபிக்குப் பொன்னாங்காணிக் கீரை. ஒரு கிழமையாக விறாந்தையில் தலையணைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கெல்லாம் கீரை விற்றுப் பழகியிருந்தாள்.

அவளுடைய அப்பாவுக்கு, அதாவது என் மச்சானுக்கு, இந்த முன்பள்ளி மீது நெடுநாள் மனக்குறை. எந்நேரமும் விளையாட்டு... எழுத்து எப்போது? பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று பயம்.

சந்தை திறந்ததும் மச்சான் நேரே மகளிடம் போனார். சாக்கில் பரப்பியிருந்த கீரை முழுவதையும் ஒரே பையில் அள்ளினார். காசைக் கொடுத்தார். தன் பிள்ளைதான் முதலில் விற்று முடித்தது என்று பெருமையாகத் திரும்பி எங்களைப் பார்த்தார்.

அபி வெறும் சாக்கைப் பார்த்தாள். பக்கத்துப் பிள்ளை கத்தரிக்காயை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தது. இவளுக்கு உதடு பிதுங்கியது. பிறகு அழுகைதான்.

மச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாம் விற்றாயிற்று — பிறகேன் அழுகை?

டீச்சர் வந்து மெதுவாகச் சொன்னார்: “எல்லாத்தையும் நீங்களே வாங்கினா, பிள்ள என்னத்த விக்கிற?”

நம்மில் பலர் செய்வது இதுதான். களிமண் பொம்மையை நாமே செய்து கொடுத்தனுப்புகிறோம். படத்துக்கு நாமே நிறம் தீட்டுகிறோம். விளையாட்டை நாம் விளையாடிவிட்டு, வெற்றியை மட்டும் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம். அதை வைத்து அது என்ன செய்யும்?

மச்சான் கீரையைத் திரும்பச் சாக்கில் கொட்டினார். பிழை என்று தெரிந்தால் வாதாட மாட்டார். அவரை எனக்குப் பிடிப்பது அதனால்தான். அபி மூக்கைத் துடைத்துக்கொண்டு கட்டுகளை அடுக்கினாள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு பேரம் பேசினாள். வாடிய கட்டை மாற்றிக் கொடுத்தாள். அவசரப்பட்ட ஒருவரைக் கொஞ்சம் நிற்கச் சொன்னாள். இதையெல்லாம் எந்தக் கொப்பியில் எழுதிப் பழக்குவது?

வரிசையின் கடைசியில் மச்சானும் நின்றார். அவர் முறை வந்தபோது சாக்கு காலி.

“முடிஞ்சிட்டு. நாளைக்கு வாங்க” என்றாள் அபி, அப்பா என்றுகூடப் பார்க்காமல்.

என் மச்சான் இவ்வளவு சந்தோஷமாக வெறுங்கையோடு திரும்பியதை நான் இதுவரை பார்த்ததில்லை.