முப்பத்தாறு சிசிக்கு ஒரு கையெழுத்து

பட்டறையில் அவருக்குச் 'சொட்டு' என்று பெயர். பெயரைக் கேட்டுவிட்டு வழுக்கைத் தலையைத் தேடி வந்தவர்கள், நெற்றிவரை இறங்கிய முடியைக் கண்டு ஏமாந்துபோனதுண்டு. எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டைக் கவிழ்த்துப் போட்டு, எரிபொருள் எரிகிற குழி ஒவ்வொன்றும் எத்தனை சிசி கொள்ளும் என்று கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சிவப்பு எண்ணெய் விட்டு அளப்பது அவர் வேலை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். டர்போ எஞ்சின்கள் வரத் தொடங்கியபோது, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையேடுகளைப் படித்தே அவற்றைக் கற்றார்.

டர்போ, காற்றை அழுத்தித் திணிக்கும். அதனால் குழியின் அளவில் விளையாட முடியாது. வளைந்த ஹெட்டின் முகத்தை அரை மில்லிமீட்டர் இழைத்தால் குழியில் ஏறத்தாழ இரண்டு சிசி போய்விடும். சுவரைத் தேய்த்து அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், தீ பரவி வந்து சேருமுன்பே மூலையிலிருக்கும் கலவை தானாக வெடித்துப் பிஸ்டனை உடைக்கும். அவர் தேய்ப்பார், அளப்பார், சீட்டு எழுதுவார், நகலை வீட்டுக்குக் கொண்டுபோவார். பத்தொன்பது ஆண்டு நகல்கள் பீரோவின் இரண்டு தட்டுகளை அடைத்திருந்தன.

"என் துணிமணி கொடியில தொங்குது, உங்க சீட்டு பீரோவுல தூங்குது" என்பாள் மனைவி.

அவர் முடித்துக் கொடுத்த ஹெட்டோடு போன சரக்கு வேன் ஒன்று ஒன்பதாவது நாள் இரண்டாவது பிஸ்டன் உடைந்து திரும்பி வந்தது. மறுநாள் காலை பத்து ஐந்துக்கு மேலாளர் மெமோ கொடுத்தார். குழி சிறிதாக விடப்பட்டதே காரணம் என்றது அது. ஏழு நாளில் தக்க விளக்கம் தராவிட்டால் பணிநீக்கம். அவரது சீட்டில் நான்கு குழிக்கும் முப்பத்தாறு சிசி என்றிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள், வேன் நிறுவனத்தின் பொறியாளர் தாமே அளக்க வந்தார். ஹெட்டை மேசையில் மட்டமாக வைத்து, இரண்டாம் குழியைக் கண்ணாடித் தட்டால் மூடி, தட்டின் துளை வழியே எண்ணெய் விட்டார். அவர் கண் குழாயின் கோடுகளில் இருந்தது. சொட்டின் கண்ணோ தட்டின் அடியில் இருந்தது. அங்கே, துளைக்கு அப்பால், காசளவு காற்றுக் குமிழ் ஒன்று தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"முப்பத்தி நாலு புள்ளி ஆறு" என்றார் பொறியாளர்.

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

"நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

"நீங்க ஓடமாட்டீங்க. எண்ணு ஓடிரும்."

"எழுதிக் குடுத்துருங்க சார். இல்லேன்னா மனுஷன் இடத்தை விட்டு நகரமாட்டார்" என்றார் மேலாளர், சிரித்துக்கொண்டே.

கையெழுத்து விழுந்தது. சொட்டு குழியைத் துடைத்தார். ஹெட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துச் சாய்த்து, தட்டின் துளையை மேடான விளிம்புக்கு நகர்த்தி, குழாயைப் பொறியாளரிடமே நீட்டினார். எண்ணெய் ஏற ஏறக் குமிழ் நகர்ந்து துளை வழியே வெளியேறியது. முப்பத்தாறு. பொறியாளர் மறுபடியும் அளந்தார், முப்பத்தாறேதான். அதை இரண்டாம் தாளில் எழுதினார்.

மேலாளர் முதல் தாளை எடுத்துக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க சார். ரெண்டும் சேர்ந்து இருந்தாத்தான் நடந்தது புரியும்."

குழி சரியென்றால் பிஸ்டன் உடையக் காரணம் வேறு இருக்க வேண்டும். பொறியாளர் டர்போவைக் குனிந்து பார்த்தார். அழுத்தம் மிஞ்சும்போது திறந்துவிட வேண்டிய கதவின் கம்பி மூன்று சுற்று கூடுதலாக முறுக்கப்பட்டு, கதவு நேரத்துக்குத் திறக்காமல் இருந்தது. எஞ்சினைப் பூட்டிய ஃபிட்டர், சொட்டின் மனைவிக்குத் தம்பி.

மாலைக்குள் சொட்டின் மெமோ எழுத்து மூலம் ரத்தானது. அதற்கு அடுத்த எண்ணில் மச்சானுக்கு ஒரு மெமோ போனது.

"உங்க சிசி சரியாப் போச்சு. என் தம்பி பொழப்பு?" என்றாள் மனைவி.

"நான் குழியைத்தான் அளந்தேன். கம்பியை நான் காட்டல."

"காட்டலதான்" என்றாள் அவள்.

மறுநாள் மாலை மச்சான் வந்தான். எட்டாக மடித்த மெமோவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். மடிப்புகளை நீவிவிட்டுச் சொட்டு அதை இருமுறை படித்தார்.

"ஒரு பதில் எழுதணும் அத்தான். எனக்கு நாலு வரி கோர்வையா வராது."

"முறுக்கினது நீதானே?"

"நான்தான். ஏத்தத்துல வண்டி இழுக்கலன்னு மேனேஜர்தான் முறுக்கச் சொன்னாரு."

"எழுத்துலயா?"

"நம்ம பட்டறையில எவன் அத்தான் எழுதிக் குடுக்கறான், உங்களைத் தவிர?"

"பக்கத்துல யாரு இருந்தா?"

"வேன் டிரைவர்."

"அவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. இன்னும் ஆறு நாள் இருக்கு."

"அவன் மாட்டேன்னுட்டா?"

"நீ முறுக்கின, மேனேஜர் சொன்னார், சாட்சி இல்லன்னு எழுதறேன். முறுக்கலன்னு மட்டும் எழுதமாட்டேன்."

மச்சான் அக்காளைப் பார்த்தான். கதவோரம் நின்றிருந்த அவள், "போய்க் கேட்டுட்டு வாடா" என்றாள். அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். சொட்டு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, இடப்பக்கம் ஓரக்கோடு கிழித்து, தேதியையும் மெமோ எண்ணையும் எழுதினார். கீழே இடம் விட்டு வைத்தார்.