எந்த சானுக்கு வேலை

ஓசூரில் எதற்கும் காத்திருக்காத ஆளை நான் பார்த்ததில்லை. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். கான்ட்ராக்டில் இருப்பவர்கள் பெர்மனென்ட் ஆகக் காத்திருப்பார்கள், பெர்மனென்ட் ஆனவர்கள் போனஸுக்குக் காத்திருப்பார்கள். ஆகவே, ஜப்பானில் இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு நான் காத்திருக்கிறேன் என்றதும் எங்கள் தெருவில் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. ஜப்பானில் இங்கிலீஷ் எதற்கு என்பது மட்டும்தான் அவர்களுக்கு விளங்கவில்லை.

கேள்வி மட்டும் தினமும் வந்தது. கீழ்வீட்டு ஓனரம்மா தெலுங்கில், "ஏமம்மா, போன் ஒச்சிந்தா?" என்பார். கீரை விற்க வருகிறவர் கன்னடத்தில், "ஜப்பான் ஏனாயித்து?" என்பார். இஸ்திரி போடுகிற அண்ணன் தமிழில், "இன்னும் வரலியா?" என்று பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பார். மூன்று மொழிக்கும் நான் ஒரே பதிலாகத் தலையை ஆட்டினேன். இங்கிலீஷ் டீச்சரின் மொழிப்புலமை அந்த நாட்களில் அவ்வளவுதான் இருந்தது.

அந்த வேலை எனக்கு நிஜமாகவே வேண்டியிருந்தது. தனியார் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே பிள்ளைகளைவிட அவர்கள் அப்பா அம்மாவுக்குத்தான் அதிகம் பாடம் நடத்த வேண்டும். பள்ளி விட்டு வந்தால் சொந்தக்காரர்கள் யாராவது உட்கார்ந்துகொண்டு, "அடுத்து நிக்காஹ்தானே?" என்பார்கள். நிக்காஹ்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு தடவையாவது, யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு ஊரில் என் சம்பாத்தியத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் அந்த ஆசையை வெளியே சொன்னால் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்பார்கள். வேலை என்று சொன்னால் சும்மா இருப்பார்கள்.

வீட்டில் காத்திருந்தது நான் ஒருத்தி மட்டுமில்லை. என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, அவரும் காத்திருந்தார். ஊத்தங்கரையிலிருந்து இளவயதில் ஓசூருக்கு வந்தவர், வண்டிக்குப் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் லைனில் நின்று, பிறகு பாகங்களைச் சோதித்துப் பார்க்கிற குவாலிட்டிக்குப் போனவர். அப்போது அடுத்த மாதத்தோடு அவருக்கு ஐம்பத்தெட்டு முடிய இருந்தது. அத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் சிலருக்கு மட்டும், புதுப் பையன்களைப் பழக்குவதற்கென்று ஒரு வருஷம் எக்ஸ்டென்ஷன் கொடுப்பதுண்டு. அத்தா அதைக் கேட்டிருந்தார். "மேலே கேட்டிருக்கோம்" என்று பதில் சொல்லியிருந்தார்கள். மேலே என்றால் மாடி ஆபீசா, சென்னையா, பங்குதாரரான ஜப்பான் கம்பெனியா என்பது யாருக்கும் தெரியாது. "எல்லாத்துக்கும் மேல ஒருத்தன் இருக்கான், அவங்கிட்ட நான் கேட்டிருக்கேன்" என்று அம்மா சொல்வாள்.

வேலை வேண்டும் என்று அத்தா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. லீவு நாளில் வீட்டில் அவரால் இருக்க முடியாது என்பதை வைத்து நாங்களே தெரிந்துகொண்டோம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்மா அடுக்கிய டப்பாக்களையெல்லாம் உயரப்படி மாற்றி அடுக்குவார். இதற்கு ஜப்பானில் ஒரு பெயர் இருக்கிறது என்பார். இங்கேயும் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பாள் அம்மா, ஆனால் அதைச் சொல்ல மாட்டாள்.

கம்பெனிக்கு எப்போதாவது வந்து போகிற ஜப்பான் இன்ஜினியர்கள் அத்தாவின் பெயரோடு 'சான்' சேர்த்துக் கூப்பிடுவார்கள். அவர்கள் வழக்கத்தில் அது மரியாதை. அத்தா அதை ஒரு நாள் வீட்டில் வந்து சொல்லிவிட்டார், சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் குடும்பத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை என்பதால் அம்மா பெயரை விட்டுவிட்டு வாலை மட்டும் பிடித்துக்கொண்டாள். "சான், குழம்பு சூடு ஆறுது. சான், கேஸ் புக் பண்ணிட்டீங்களா?" இத்தனை வருஷம் 'ஏங்க' என்று கூப்பிட்டவளுக்குக் கடைசியில் புருஷனைக் கூப்பிட ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

என் விண்ணப்பத்தால் வீட்டுக்கு இரண்டாவது சான் வந்து சேர்ந்தது. நமக்கெல்லாம் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து, அவ்வளவுதானே. அந்த எழுத்தைப் பாஸ்போர்ட்டில் விரித்து எழுதச் சொன்னார்கள், குடும்பப் பெயர் என்கிற கட்டத்தில் அத்தாவின் பெயர் போய் உட்கார்ந்துகொண்டது. ஜப்பானில் ஆளைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்களாம். வீடியோவில் இன்டர்வியூ தொடங்கியதுமே ஒரு அம்மாள் குனிந்து வணங்கி, அத்தாவின் பெயரைச் சொல்லி, சான் போட்டு, "வசதியாக இருக்கிறீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டார். நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன், அத்தா உள்ளே வந்துவிட்டாரோ என்று. முதல் கேள்விக்கே பின்னால் திரும்பிப் பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு மௌனம்தான். "உங்களைத் தொடர்புகொள்கிறோம்" என்றார்கள், ஆனால் வாரக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. ஊத்தங்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போகும்போது சூளகிரி தாண்டியதிலிருந்து போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். குருபரப்பள்ளியில் டவர் போனதும் ஜப்பான் சரியாக இந்த நிமிஷம்தான் கூப்பிடும் என்று உறுதியாகத் தோன்றியது. கிருஷ்ணகிரி ஸ்டாண்டில் டவர் திரும்பி வந்தபோது ஒரு நகைக்கடை விளம்பரம் மட்டும் வந்திருந்தது.

கல்யாண வீட்டில், ஊத்தங்கரையில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியத்தா, அத்தாவின் அண்ணன், பிரியாணித் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் பாப்பா, ஜப்பான்காரங்களுக்கு இங்கிலீஷு தெரியாதா?"

"அவ்வளவாத் தெரியாது பெரியத்தா. அதுக்குத்தான் ஆள் எடுக்கறாங்க."

"தெரியாமலே இத்தனை காரு, இத்தனை ரயிலு செஞ்சி வெச்சிருக்காங்க. நீ போயி சொல்லிக்குடுத்து அவங்களையும் கெடுத்துடாத."

பந்தியே சிரித்தது. அத்தாவும் சிரித்தார். பிறகு பெரியத்தா அவர் பக்கம் திரும்பி, "உனக்கு என்னடா ஆச்சி, மேல இருந்து சேதி வந்துச்சா?" என்றதும் அத்தா தயிர்ப் பச்சடி கேட்டு எழுந்து போனார். பச்சடி அவர் தட்டிலேயே நிறைய இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு புதன்கிழமை சாயங்காலம் அத்தா மைசூர்பாக்கோடு வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டில் பெருநாள் இல்லாத ஒரு நாளில் மைசூர்பாக் வந்தது அன்றைக்குத்தான். கால்கூடக் கழுவாமல் சொல்ல ஆரம்பித்தார்.

"கெடச்சிருச்சி. ஜப்பான்ல இருந்தே போன் பண்ணாங்க. நேரா என் போனுக்கு."

டீ இடைவேளையில், கேன்டீன் சத்தத்தில் போன் வந்திருக்கிறது. ஒரு பொம்பளைக் குரல் பெயரைச் சொல்லி சான் போட்டுக் கேட்டது. இவர் "ஸ்பீக்கிங்" என்றிருக்கிறார். உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், முதலில் ஒரு வருஷக் கான்ட்ராக்ட், பிறகு நீட்டிக்கலாம், சின்னப் பிள்ளைகளோடு பொறுமையாக இருக்க வேண்டும், சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"நம்ம ட்ரெய்னிங் பசங்களைத்தான் சொல்றாங்க. பொறுமையா இருக்கணுமாம்! எங்கிட்டப் போயி பொறுமையப் பத்திச் சொல்றாங்க" என்றார். "யெஸ், யெஸ், தேங்க் யூன்னு சொல்லிட்டேன். குனிஞ்சி ஒரு வணக்கமும் வெச்சேன்."

"போன்லயா?" என்றாள் அம்மா.

"பழக்கம்" என்றார் அத்தா.

அன்றைக்கு அவர் சிரித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. வரிசையாகப் போன் போட்டார். ஊத்தங்கரை பெரியத்தாவுக்கு, சாமல்பட்டியில் இருக்கும் மாமிக்கு, கூட வேலை செய்யும் சிநேகிதருக்கு. ஓனரம்மாவுக்கு மைசூர்பாக் போனது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஜப்பான் ஒரு வீட்டுக்கு ஒரு போன்தான் செய்யும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பத்தியைப் படித்துக் கேள்விகளுக்கு விடையளி என்று பிள்ளைகளை உருட்டுகிற எனக்கு, அத்தா சொன்ன பத்தியில் ஒரு வரியும் உறைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் பள்ளியில் அலமாரியிலிருந்து என் போனை எடுத்தபோது அது அடித்துக்கொண்டிருந்தது. வகுப்பு நேரத்தில் டீச்சர்களின் போன் அந்த அலமாரிக்குள்தான் கிடக்க வேண்டும், அதனால்தான் விண்ணப்பத்தில் இரண்டாவதாக அத்தாவின் நம்பரையும் கொடுத்திருந்தேன். இன்டர்வியூவில் பேசிய அதே அம்மாள். அத்தாவின் பெயரைச் சொல்லி, சான் போட்டு, மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

"நேற்று இந்த எண்ணில் நீங்கள் கிடைக்கவில்லை, இன்னொரு எண்ணில் பேசினோம். உங்களுக்குத் தொண்டை சரியில்லை போலிருந்தது. இப்போது தேவலையா?"

எனக்கு விஷயம் ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "தேவலை" என்றேன்.

"குரல் கரகரப்பாக இருந்தாலும் உற்சாகமாகச் சம்மதம் சொன்னீர்கள். எங்களுக்கு மிகவும் சந்தோஷம்" என்றார். அடுத்து விசாவுக்கான காகிதங்களைப் பற்றிச் சொன்னார். எல்லாவற்றுக்கும் யெஸ், யெஸ், தேங்க் யூ என்றேன். குனிந்து வணக்கமும் வைத்தேனா என்று ஞாபகமில்லை, வைத்திருப்பேன்.

இத்தனை நாள் ஏங்கிக் காத்திருந்த வேலை. குதித்திருக்க வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அத்தாவிடமிருந்து நான் எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. என்மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, அழுகை அதைக் கேட்டு நிற்கவில்லை.

அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். பிறகு முகம் மாறி, "மொதல்ல அவரு சாப்புடட்டும்" என்றாள்.

அத்தா கூடத்தில் நியூஸ் பேப்பர் விரித்து, கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். புதுப் பையன்கள் முன்னால் போய் நிற்க வேண்டுமே என்று. சாப்பிடும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தா, நேத்து வந்த போனு எனக்கு வந்ததுத்தா" என்றேன்.

அவர் கை நின்றது.

"என் பேரத்தானேம்மா சொன்னாங்க?"

"அங்க என்னைய உங்க பேரச் சொல்லித்தான் கூப்புடுவாங்கத்தா."

"ஒரு வருஷம்னாங்களே."

"எனக்கும் ஒரு வருஷம்தான்."

"பசங்கன்னாங்களே."

"ஸ்கூல் பசங்கத்தா."

குவாலிட்டியில் வேலை செய்தவர். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். எல்லாம் பார்த்து முடித்ததும் பாலிஷ் டப்பாவை மூடினார். பிறகு திடீரென்று சத்தமாகச் சிரித்தார்.

"அப்ப என் இங்கிலீஷுக்கு உனக்கு வேலை குடுத்திருக்காங்க!" என்றார். அம்மாவைப் பார்த்து, "கேட்டியா? இவ டிகிரியெல்லாம் சும்மா. நான் பேசினதுல கெடச்சது" என்றார். என் தலையில் கை வைத்து அழுத்தினார். கையில் பாலிஷ் இருந்ததை ரெண்டு பேருமே கவனிக்கவில்லை.

அப்புறம், சொன்னவர்களுக்கெல்லாம் திருத்திச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தார். நான் பேசுகிறேன் என்றேன், விடவில்லை. பெரியத்தாவிடம், "அண்ணே, நேத்து சொன்னது எனக்கு இல்லண்ணே, தப்பா வெளங்கிக்கிட்டேன். பாப்பாவுக்காம்" என்று இழுத்தார். அந்தப் பக்கம் பெரியத்தா விழுந்து விழுந்து சிரித்தது எங்களுக்கே கேட்டது. சாமல்பட்டி மாமியிடம், "எனக்கில்ல, பாப்பாவுக்கு" என்று சுருக்கிக்கொண்டார். கீழே இறங்கிப் போய் ஓனரம்மாவிடம் சொல்லும்போது 'எனக்கில்ல' என்பதே போய்விட்டது. தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பாப்பா ஜப்பானுக்குப் போறா!" என்றார். ஓனரம்மா தெலுங்கில் கொண்டாடுவது கேட்டது. அந்தச் சந்தோஷத்தில் பொய் எதுவும் இல்லை, அத்தாவுக்குப் பொய்ச் சந்தோஷம் காட்டத் தெரியாது. எனக்கும் அப்போதுதான் முதல்முறையாக, போகப் போகிறோம் என்கிற குதூகலம் வந்தது.

மிச்சம் இருந்தது கம்பெனி சிநேகிதர் மட்டும்தான். அவருக்கு அத்தா மாடிப்படியில் நின்றபடி போன் செய்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். கதவு திறந்துதான் இருந்தது.

"ஆமாப்பா, அந்தப் போன் எனக்கு இல்லியாம். எக்ஸ்டென்ஷன் வரல, இந்த மாசத்தோட முடியுது" என்றார். பிறகு, "இந்த ஷூவ திருப்பிக் குடுக்கணுமா, நாமளே வெச்சிக்கலாமா? கேட்டுச் சொல்லுப்பா" என்றார்.