மோசெசேவுக்குக் கொடுத்த காலணி

எங்கள் தேவாலயக் கூடத்து எடை மெஷின் பொய் சொல்லாது என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தவள் நான்தான். எங்கள் வாவாவு தீவில் வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய். அதனால் உடம்பு குறைக்கும் போட்டி வைத்தோம். பத்து வாரம், சனிக்கிழமை தோறும் எடை, பதிவேடு என் கையில். முப்பது வருடம் பிள்ளைகளை மிரட்டிய டீச்சரை யார் ஏமாற்ற முடியும் என்ற திமிர் எனக்கு உண்டு.

ஜெயித்தது என் தம்பி மோசெசே. ஐம்பத்தாறு வயது, வனிலாத் தோட்டக்காரன். எந்த விருந்துக்கும் குழி தோண்டிப் பன்றி சுடும் மண்ணடுப்பு அவன் பொறுப்பு. பன்றியை வெளியே எடுத்ததும் ருசி பார்க்கிறேன் என்று ஒரு தொடையையே காலி செய்வான். போட்டிக்குச் சற்று முன்புதான் தலைநகர் ஆஸ்பத்திரியில் அவன் பெருங்குடலிலிருந்து புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்திருந்தார்கள். காயம் ஆறி உடம்பு தேறினால் நியூசிலாந்துக்கு அனுப்பி மருந்து ஏற்றுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மருந்தைத்தான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

நூற்றிருபத்தெட்டு கிலோவிலிருந்து நூற்றேழுக்கு வந்தான். விருந்தில் யாராவது தட்டை நீட்டினால், போட்டியில் இருக்கிறேன் என்று தள்ளிவிடுவான். ஊரே மெச்சியது. உன் புருஷனுக்குப் புதுப் பெண் பார்க்கப் போகிறோம் என்று அவன் மனைவி லாவினியாவைப் பெண்கள் கிண்டல் செய்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை.

கேட்க முடியாது. எங்கள் வழக்கத்தில் அக்கா என்றால் தம்பியைவிட உயர்ந்த இடம். ஆனாலும் வளர்ந்தபின் இருவரும் ஒரே அறையில் தங்குவதில்லை, ஒருவர் உடம்பைப் பற்றி மற்றவர் பேசுவதில்லை. அவன் வயிறு, புண் எதுவும் என் வாயில் வரக்கூடாது. மெஷினில் அவன் ஏறும்போது நான் எண்ணை மட்டும்தான் பார்ப்பேன். பத்து வாரமும் அப்படித்தான் பார்த்தேன்.

பரிசாக ஓட்டக் காலணி கொடுத்து, நானே முன்னால் நின்று கைதட்டினேன். இரண்டு நாள் கழித்து மிலிகா என்ற இளம் நர்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து அவனைப் பார்க்க வந்தாள். அவன் கெண்டைக்காலை இரண்டு கை விரல்களாலும் வளைத்துப் பிடித்தாள். விரல்கள் சேர்ந்தும் இடம் மிச்சம் இருந்தது. பக்கத்தில் இருந்த புதுக் காலணியைப் பார்த்து, இதைக் கொடுத்தது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன், பெருமையாக.

"டீச்சர், இவரு இளைக்கல. நோய் இவரோட சதையத் தின்னுக்கிட்டு இருக்கு."

கட்டியை எடுத்த பிறகும் உடம்பு இப்படிக் கரைந்தால் அது நல்ல அறிகுறியே இல்லை, இந்த நிலையில் மருந்து ஏற்றினால் மருந்தே ஆளைச் சாய்த்துவிடும் என்றாள். மூன்று வாரம் தருகிறேன், எடை ஏறினால்தான் நியூசிலாந்து என்றாள். போகும்போது அவன் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள். இங்கேயும் பாருங்கள், குழி விழுந்து அப்படியே நின்றால் அது தண்ணீர், சதை இல்லை என்றாள். நான் மரியாதைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போனதும் லாவினியா அழுதாள். தட்டில் வைப்பதெல்லாம் பன்றிக்குத்தான் போகிறது, யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினார் என்றாள்.

மோசெசே தரையைப் பார்த்துப் பேசினான். "சாப்பாட்டு வாசன பட்டாலே கொமட்டுது அக்கா. விருந்துல வேணாம்னு சொன்னா அசிங்கம். போட்டின்னு சொன்னேன், ஒருத்தரும் கேக்கல."

ஒருத்தரும் கேட்கவில்லை. அவன் செத்துக்கொண்டிருந்ததற்கு நான் வாராவாரம் எண் எழுதியிருக்கிறேன்.

பிறகு ஊரே அவனுக்குச் சமைத்தது. தேங்காய்ப்பாலில் மீன் சாறு, மசித்த கிழங்கு, மணிக்கொரு தரம் இரண்டு கரண்டி. முதல் சனி நூற்றைந்து. இரண்டாம் சனி நூற்றாறு. மூன்றாம் சனி, ஊரே கூடத்தில் நிற்க, மெஷின் நூற்றுப்பத்து காட்டியது. சத்தமாக வாசித்தேன். பாடகர் குழு தானாகவே துதிப்பாட்டை எடுத்தது. லாவினியா என்னைக் கட்டிக்கொண்டாள்.

மோசெசே மெஷினை விட்டு இறங்கி, பரிசுக் காலணியை மாட்டப் பார்த்தான். கால் நுழையவில்லை. நாடாவை முழுக்க உருவியும் நுழையவில்லை.

"ஏண்டா, என்ன ஆச்சு?"

"ரெண்டு நாளா மாட்ட முடியல அக்கா. காலும் தேறிடுச்சு போல." சிரித்தான்.

அன்றுதான் முதல் தடவையாக என் தம்பியின் காலை உற்றுப் பார்த்தேன். மேலே முழங்கால் குச்சியாக இருந்தது. கீழே பாதம் பளபளவென்று உப்பியிருந்தது.

நான் மண்டியிட்டேன். அவன் பதறிக் காலை இழுத்துக்கொண்டான். "அக்கா, வேணாம். எல்லாரும் பாக்குறாங்க." பாட்டு நின்றுவிட்டது. அக்கா தம்பியின் காலடியில் உட்காருவதை அந்தக் கூடம் பார்த்ததே இல்லை. நான் காலைப் பிடித்து இழுத்து, கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு விரலை எடுத்தேன்.

என் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. மறுபடியும் பத்து எண்ணினேன். மூடவில்லை.

"நூத்திப்பத்துன்னு எழுதிட்டியா அக்கா?" என்று மேலேயிருந்து கேட்டான்.

பதிவேடு மேசையில் திறந்தே கிடந்தது. நான் எழுந்திருக்கவில்லை.